பின்சுவரை அளக்காதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்

பழைய செங்கல் கணப்புக்குள் விறகு இன்சர்ட் (உள்ளே செருகும் இரும்பு அடுப்புப் பெட்டி) வைக்க நினைப்பவர்கள், அதுவும் கணப்பின் வாய் சிறியதாக இருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு ஒரு குளிர்காலமே வீணாய்ப் போனது.

எங்களுடையது திறந்த கணப்பு. எரியும்போது பார்க்க அழகுதான். ஆனால் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும், போகிற போக்கில் அறையின் வெதுவெதுப்பையும் இழுத்துக்கொண்டு போகும். கண்ணாடிக் கதவு வைத்த இரும்புப் பெட்டியை உள்ளே செருகிக் காற்றை மட்டுப்படுத்தி எரித்தால் அதே விறகில் பல மடங்கு சூடு கிடைக்கும். இது உண்மை, இதில் யாரும் என்னை ஏமாற்றவில்லை. ஏமாந்தது அளவில்.

வாயின் அகலம் 26 அங்குலம், உயரம் 22. முதலில் விசாரித்த இரண்டு கடைகளில் "இது ரொம்பச் சின்னது, கஷ்டம்" என்று கைவிரித்துவிட்டார்கள். மூன்றாவது கடைக்காரர் வீட்டுக்கே வந்தார். டேப்பை இழுத்து அந்த இரண்டு அளவையும் எடுத்தார், ஒரு போட்டோ எடுத்தார், "தாராளமாப் போகும் சார்" என்றார். எனக்குக் கேட்க வேண்டியிருந்ததும் அதுதான். அன்றே பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

கணப்பின் உட்புறம் பெட்டி மாதிரி இருக்காது. பக்கச் சுவர்கள் உள்ளே போகப் போகக் குறுகும். எங்கள் வீட்டில் முன்னால் 26 இருந்தது பின்சுவரில் வெறும் 16. அந்தப் பின்சுவரும் நேராக நிற்காது, பாதி உயரத்துக்கு மேல் முன்னோக்கிச் சாயும். அடியில் 15 அங்குல ஆழம், 20 அங்குல உயரத்தில் 9தான். இன்சர்ட்டோ மேலிருந்து கீழ்வரை கிட்டத்தட்ட ஒரே பருமன். ஆகவே முன் அகலம், முன் உயரத்தோடு பின் அகலம், அடி ஆழம், இன்சர்ட்டின் தலை வரும் உயரத்தில் ஆழம், வாய்க்கு முன்னால் கல்தளம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது வரை அளக்க வேண்டும். குறைந்தபட்சம் இவ்வளவு இடம் தேவை என்று அந்த மாடலின் கையேட்டிலேயே படம் போட்டிருந்தது. நான் அதைப் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகு.

பொருத்த வந்த இருவருக்கும் பெட்டியை உள்ளே தள்ளிப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நிறுத்தச் சொன்னேன். "சின்ன வேலைதான்" என்று சொல்லிவிட்டுப் பக்கச் சுவரின் தீச்செங்கற்களைப் பெயர்க்கத் தொடங்கினார்கள். அந்தக் கற்கள் சும்மா இல்லை, நெருப்பின் சூடு பின்னால் இருக்கும் சுவருக்கும் அதையொட்டிய மரச்சட்டங்களுக்கும் போகாமல் தடுப்பவை. அப்போதே நான் வாசலைக் காட்டியிருக்க வேண்டும். தூசி, சத்தம், பாதி உடைந்த சுவர் எல்லாம் சேர்ந்து, சரி எப்படியாவது முடியட்டும் என்று தோன்றிவிட்டது. கடைசியில் பெட்டி ஐந்து அங்குலம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. முன்னால் கல்தளம் போதவில்லை. கதவைத் திறந்தால் தணல் நேரே மரத்தரையில் விழும்.

இதையெல்லாம்விட மோசமானது குழாய். இன்சர்ட்டின் மேல்வாயிலிருந்து புகைபோக்கியின் உச்சிவரை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் லைனர், அதாவது புகையைக் கொண்டுபோகும் உள்குழாய், தொடர்ச்சியாகப் போக வேண்டும். இவர்கள் இரண்டடிக் குழாயைச் செருகி, சுற்றிலும் கண்ணாடிக் கம்பளியை அடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆறு அங்குலக் குழாயின் குறுக்குப் பரப்பு சுமார் 28 சதுர அங்குலம். என் புகைபோக்கி உள்ளே 11க்கு 11, அதாவது 121. குழாயைவிட்டு வெளியே வந்த புகை அந்த அகலத்தில் வேகம் இழந்து, குளிர்ந்து, சுவரில் கிரியோசோட் என்ற தார்ப் பிசினாகப் படியும். அது பற்றிக்கொண்டால் புகைபோக்கியே எரியும்.

மூன்றே வாரத்தில் கண்ணாடி கறுத்தது, அறையில் தார் நாற்றம். கடைக்காரருக்குப் போன் செய்தால் "விறகு ஈரமா இருக்கும்" என்றார். ஈரமானி வாங்கி, விறகைப் பிளந்து உள்பக்கம் குத்திப் பார்த்தேன். 17 சதவீதம். 20க்குக் கீழே இருந்தால் எரிக்கலாம் என்பதே பொதுவான கணக்கு. அப்புறம் அவர் போனை எடுக்கவில்லை.

புகைபோக்கி சுத்தம் செய்ய வந்தவர்தான் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தார். பெட்டியை முழுவதும் வெளியே இழுத்தால்தான் மேலிருந்து விழும் கரியையே அள்ள முடியும் என்ற நிலை. பளபளவென்று உறைந்திருந்த கிரியோசோட்டைக் காட்டி, இதில் இனி தீ மூட்டாதீர்கள் என்று எழுதியே கொடுத்துவிட்டார். அந்தத் தாளோடு கடைக்குப் போனேன். "பொருத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்." ரசீதை எடுத்துப் பார்த்தால் "இன்சர்ட், பொருத்துதல் உட்பட" என்று ஒரே வரி. லைனர் என்ற சொல்லே அதில் இல்லை. உங்கள் ரசீதில் லைனரின் விட்டம், உச்சிவரை எத்தனை அடி, வெப்பக்காப்பு உறை உண்டா, டேம்பர் (புகைபோக்கியைத் திறந்து மூடும் மூடி) இருந்த இடத்தை அடைக்கும் தகடு உண்டா என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது செங்கற்களைத் திரும்பக் கட்டி, 12 அங்குல விறகு மட்டும் போகும் சின்ன இன்சர்ட் ஒன்றை வேறொருவர் பொருத்தித் தந்திருக்கிறார், உச்சிவரை லைனரோடு. இரவு முழுக்க எரியாது. இவ்வளவு சின்னப் பெட்டி அப்படி எரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் விறகை எல்லாம் பாதியாக அறுத்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய இன்சர்ட் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் முதலில் உங்கள் பின்சுவரின் அகலத்தைச் சொல்லுங்கள்.