கிரேட்டிங் பில்டர்: யுரேனஸுக்குச் சரி, செவ்வாய்க்கு வேண்டாம்

கிரேட்டிங் என்றால் ஒளியை நிறமாலையாகப் பிரிக்கிற, மில்லிமீட்டருக்கு 100 கோடு போட்ட கண்ணாடி. 1.25 அங்குல பில்டர் மாதிரியே கேமராவின் மூக்குக் குழாயில் திருகிக்கொள்ளும். கோள்களின் காற்றில் நீராவி தேடலாம் என்று வாங்குகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம்: தேடலாம், கிடைப்பது நம்மூர் நீராவி. பாளையங்கோட்டை மொட்டைமாடியிலிருந்து எந்தக் கோளைப் பிடித்தாலும் நிறமாலையில் 720 நானோமீட்டர் அலைநீளத்துப் பக்கம் ஒளி குறைந்து ஒரு பள்ளம் விழும். அது நம் தலைக்கு மேலே நிற்கிற ஈரம்.

1963-ல் மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியில் செவ்வாயின் நீராவியைப் பிரித்தெடுத்தது டாப்ளர் விலகலை (நகரும் பொருளின் ஒளியில் அலைநீளம் சற்று மாறுவதை) வைத்துத்தான். நொடிக்கு 15 கி.மீ. வேகத்தில் செவ்வாய் விலகினால் 820 நானோமீட்டர் பக்கத்துக் கோடு நகர்வது வெறும் 0.04 நானோமீட்டர். இந்த கிரேட்டிங்கை 3.75 மைக்ரான் பிக்சல் சென்சாருக்கு 50 மி.மீ. முன்னால் வைத்தால் ஒரு பிக்சலே 0.75 நானோமீட்டர். எங்கே பிரிப்பது?

யுரேனஸின் மீத்தேனுக்கு இது தங்கமான சாமான். 750 மி.மீ. குவியத்தூரத் தொலைநோக்கியில் அதன் வட்டு நாலு பிக்சல்தான், நிறமாலை குழம்பாது. வியாழன் நாற்பது பிக்சல் பரவி எல்லாவற்றையும் மெழுகிவிடும். 619 நானோமீட்டரில் விழும் மீத்தேன் பட்டையை நம்பலாம். 727 இன்னும் ஆழம், ஆனால் நம்மூர் நீராவி அதன் மேலேயே வந்து உட்காரும். யுரேனஸ் நின்ற உயரத்துக்கு முடிந்தவரை பக்கத்தில் சிரியஸ் நட்சத்திரம் வந்ததும் ஒரு படம் எடுத்து, யுரேனஸ் நிறமாலையின் அந்தப் பகுதியை சிரியஸின் நிறமாலையால் வகுத்துப் பாருங்கள். வகுத்த பிறகும் மிஞ்சுகிற பள்ளம்தான் மீத்தேன். சிரியஸின் ஹைட்ரஜன் கோடுகள் (434, 486) அலைநீள அளவுகோலுக்கும் ஆகும்.

குறை என்றால், வேண்டிய கோணத்தில் நிறுத்திப் பூட்டும் லாக் ரிங் தரவில்லை. திருகு இறுகும் இடத்தில் நிறமாலை சாய்ந்து நிற்கிறது. பிக்சல் வரிசைக்கு நேராக இல்லாவிட்டால் கோடுகள் மங்கிப்போகும். பிளம்பர் சுற்றும் வெள்ளை டேப்பை மரையில் இரண்டு சுற்று சுற்றினால் வேண்டிய கோணத்தில் நிற்கும். கலர் கேமராவில் ஐ.ஆர். கட் கண்ணாடி (அகச்சிவப்பைத் தடுப்பது) இருந்தால் கழற்றியாக வேண்டும், இல்லையேல் 727 வரவே வராது.

ஆடிக் காற்றில் குழாய் ஆடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் போய்விடும். தை மாதம் இருட்டியதும் யுரேனஸ் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும், அதுதான் சமயம். மற்ற மாதங்களில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வையுங்கள். தாமிரபரணிக் கரை ஈரத்தில் கண்ணாடிக்குப் பூஞ்சை பிடித்துவிடும்.