ஃபெவிக்விக்கும் உப்புத்தாளும்: கிட்டார் வடுக்களை வீட்டிலேயே மறைத்துப் பார்த்த அனுபவம்

நாகர்கோவிலில் ஆலயப் பாடகர் குழுவில் வாசிக்கிறேன். என்னுடைய கறுப்பு அகூஸ்டிக், அலமாரியில் பத்திரமாக இருக்கிற கிட்டார் இல்லை. மைக் ஸ்டாண்டில் இடித்து, பைக்கில் தொங்கி, கிறிஸ்துமஸ் கேரல் வேனுக்குள் நசுங்கி, ஓரமெல்லாம் பூச்சு தெறித்துக் கிடந்தது. அதைச் சரிபண்ணிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. எது நின்றது, எது போனது என்று இப்போது சொல்லலாம்.

பூச்சு என்னவென்று தெரியாமல் கைவைக்காதீர்கள். ஸ்ட்ராப் மாட்டும் பொத்தானுக்கு அடியில், வெளியே தெரியாத இடத்தில், இயர் பட்ஸில் ஸ்பிரிட்டைத் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு, மார்த்தாண்டம் பக்கம் பழைய கட்டிலுக்கும் மேசைக்கும் போடுகிற அதே பாலிஷ். தின்னருக்கு இளகினால் நைட்ரோசெல்லுலோஸ். கிப்சன் கிட்டார் கம்பெனி இன்றும் விடாமல் அடிப்பது இதைத்தான். எதற்கும் அசையவில்லையென்றால் பாலியெஸ்டர் அல்லது பாலியூரித்தேன், சுருக்கமாகப் பாலி. நம்மில் பெரும்பாலானோர் கையில் இருப்பது இதுதான். இன்னொரு பெரிய கம்பெனியான ஃபெண்டரே 1960களின் கடைசியில் பாலியெஸ்டருக்கு வந்துவிட்டது. நைட்ரோவில் புதுப்பூச்சு பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும். பாலியில் ஒட்டுமே தவிர கரையாது. அதனால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சாய்த்துப் பார்த்தால் ஒரு மெல்லிய வளையம் தெரியத்தான் செய்யும்.

பாலியில் தெறித்த குழிக்கு நான் நம்புவது சாதாரண ஃபெவிக்விக். குழியைத் துடைத்து, கறுப்பு நிறம் வைத்து, அது நன்றாகக் காய்ந்தபின் குண்டூசி முனையால் ஒரு துளி. இறுகியதும் இன்னொன்று. ஒரேயடியாக ஊற்றினால் மேலே தோல் கட்டி உள்ளே இறுகாமல் கிடந்து, பிறகு அமுங்கும். சுற்றியிருக்கும் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் நிறுத்திவிட்டு ஒரு நாள் விடுங்கள். பிளேடின் இரு ஓரத்திலும் செல்லோ டேப் ஒட்டி, நடுப்பகுதியால் மட்டும் மேட்டைச் சுரண்டினால் பக்கத்துப் பூச்சில் கீறல் விழாது. அதன்பின் கார் பெயிண்ட் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்: 1000, 1500, 2000 நம்பர் என்று வரிசையாக. கடைசியில் பளபளப்பு வரத் தேய்க்கும் ரப்பிங் காம்பவுண்டு. சவுண்ட் ஹோல் விளிம்பிலும் கம்பிகளைச் செருகும் பிரிட்ஜ் பின் ஓட்டைகளிலும் வெறும் மரம் இருக்கிறது, அங்கே தண்ணீர் போகக் கூடாது. வழிந்த பசையைப் பருத்தித் துணியால் துடைக்காதீர்கள். பருத்தி பட்டால் சட்டென்று சூடாகிப் புகையும்.

நிறத்துக்கு மார்க்கர் பேனா போட்ட இடங்கள் ஏமாற்றிவிட்டன. டியூப் லைட்டில் ஒன்றும் தெரியாது. ஆராதனை முடிந்து வெயிலில் எடுத்தால் கத்தரிப்பூ நிறத்தில் பொட்டுப் பொட்டாகத் தெரிகிறது. அக்ரிலிக் பெயிண்ட் வைத்த இடங்கள் அன்றைக்கு இருந்தபடியே இருக்கின்றன. தரையில் ஊன்றும் அடிப்பக்கத்தில் நிரப்பியது மட்டும் சில்லாகப் பெயர்ந்துவிட்டது. ஃபெவிக்விக் கெட்டியாக நிற்கும், ஆனால் இடி தாங்காது.

நம்ம மாவட்டத்தில் இந்த வேலைக்கு நாள் பார்க்க வேண்டும். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் நமக்கு உண்டு. காற்றிலுள்ள ஈரத்தில்தான் ஃபெவிக்விக் இறுகுகிறது. ஈரம் மிஞ்சினால் சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும். தேய்த்தால் அது போய்விடும் என்பது ஒரு ஆறுதல். லேக்கர் ஸ்பிரே அப்படியில்லை, ஈரம் பூச்சுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு வெளுத்துவிடும். ஐப்பசியில் ஒரு கார் பெயிண்டரிடம் விசாரித்தேன். "தம்பி, இப்ப அடிச்சா பால் ஊத்துன மாதிரி ஆயிரும். மாசியில கொண்டு வாங்க" என்றார். வந்த வேலையைத் தள்ளிப்போட்ட அந்த நேர்மைக்காகவே என் பைக் டேங்க் வேலை அவருக்குப் போனது.

சிலிக்கான் கலந்த கார் பாலிஷ் பக்கம் போகாதீர்கள். மினுமினுப்பு வரும், ஆனால் பின்னால் அந்த இடத்தில் எந்தப் பூச்சு அடித்தாலும் மீன்கண் மாதிரி வட்ட வட்டமாக விலகிப்போகும். மேட் ஃபினிஷ் கிட்டாருக்கு ரப்பிங் காம்பவுண்டும் ஆகாது. தேய்த்த இடம் மட்டும் பளபளத்து, பழைய கீறலைவிட அசிங்கமாக இருக்கும். நைட்ரோ கிட்டார் வைத்திருப்பவர்கள் ஸ்டாண்டில் உள்ள ரப்பருக்குத் துணி சுற்றுங்கள். ரப்பர் பட்ட இடத்தில் பூச்சு இளகித் தழும்பாகும்.

பின்பக்கம் பெல்ட் பக்கிள் போட்ட கோடுகளை நான் தொடவே இல்லை. அங்கே தேய்க்கத் தேய்க்கப் பூச்சுதான் மெலியும், பார்க்கப்போவதும் யாருமில்லை.

மேல் பலகையில் நீளமாகக் கோடு தெரிந்தால் மட்டும் ஃபெவிக்விக்கை எடுக்காதீர்கள். உள்ளே செல்போன் டார்ச்சை வைத்து, அறையை இருட்டாக்கிப் பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் பிளந்திருப்பது மரம். அதைக் கிட்டார் ரிப்பேர் தெரிந்தவர் உள்ளிருந்து பட்டை கொடுத்து ஒட்ட வேண்டும். நீங்கள் முதலில் பசையை ஊற்றிவிட்டால் அவர் வேலை இரட்டிப்பாகிவிடும்.