ஊழியர் மனநல ஆலோசனைச் சேவை: சந்தா கட்டலாமா?

எங்கள் நிறுவனத்தில் சம்பளக் கணக்கைப் பார்ப்பவள் நான். மன அழுத்தத்தால் ஒருவர் மருத்துவ விடுப்பில் போனால் அவர் சம்பளம் மட்டுமா செலவு? அவர் வேலையைச் சுமப்பவருக்கு ஓவர்டைம், தற்காலிக ஆள், அந்த ஆளுக்குப் பயிற்சி என்று கணக்கு நீளும். மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாட்களை இழக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதில் எனக்கு வியப்பில்லை.

அதனால்தான் இந்தத் தொலைபேசி ஆலோசனைச் சேவையை எடுத்தோம். ஆலோசகர்கள் பொறுமையாகக் கேட்கிறார்கள். யார் அழைத்தார் என்பதை நிர்வாகத்துக்குச் சொல்வதில்லை. அதற்கு முழு மதிப்பெண். அவர்கள் தரும் மாத அறிக்கையில், அழைப்புக்கான காரணங்களைக் காட்டும் வரைபடத்தில் ‘பணிச்சுமை’ என்ற பட்டைதான் எல்லாவற்றையும்விட உயரம். எந்தப் பிரிவில் என்று கேட்டால், ஆள் அடையாளம் தெரிந்துவிடும் என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் செயலியைத் திறந்தால் மூச்சுப்பயிற்சிக் காணொளி! இரண்டு பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு மூச்சை இழுத்து விடச் சொன்னால் விடுப்பு எப்படிக் குறையும்? (இதில் பாதிக் குற்றம் எங்கள் மேலாளர்களுடையது.)

விடுப்பு முடிந்து திரும்புகிறவர்களுக்கு முதல் சில வாரங்கள் அரைநாள் வேலை என்று வகுத்துத் தருகிறார்களே, அந்தத் திட்டம்தான் கொடுத்த காசுக்கு ஈடு. சந்தாவைப் புதுப்பிக்கப் பரிந்துரைத்திருக்கிறேன், காணொளிப் பகுதி இல்லாமல்.