நான்கு மணி நேர மின்சாரமும் ஒரு மலிவு விலை டேப்லெட்டும்

யாங்கோனில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது. நான்கு மணி நேரம் இருந்தால் அடுத்த எட்டு மணி நேரம் இராது. அந்த நான்கு மணி நேரத்துக்குள் தண்ணீர் மோட்டார் ஓட வேண்டும், சோறு வேக வேண்டும், வீட்டிலுள்ள பேட்டரிகள் எல்லாம் நிறைய வேண்டும். ஆகவே, மாலை வகுப்பில் தமிழ் படிக்கும் அண்ணன் மகளுக்காக ஆறு மாதங்களுக்கு முன் வாங்கிய 10.1 அங்குல டேப்லெட்டைப் பற்றி எழுதும்போது, பிறர் முதலில் பார்க்கிற கேமராவையும் விளையாட்டு வேகத்தையும் ஒதுக்கிவிட்டுப் பேட்டரியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. நான்கு லட்சம் கியாட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்தேன். ஏறக்குறைய இதே உள்ளுறுப்புகளோடு வேறு வேறு பெயர் ஒட்டிய டேப்லெட்டுகள் சந்தையில் பல இருப்பதால், பெயரைச் சொல்வதில் பெரிய பயன் இல்லை.

பேட்டரி 7000 மில்லி ஆம்பியர் மணி. இணையத்தை அணைத்து, வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து நூல் படித்தால் எட்டு மணி நேரம் தாராளமாக நிற்கிறது. மின்சாரம் இல்லாத நேரத்தை அப்படியே கடந்துவிடலாம். சிக்கல் அதை மறுபடி நிரப்புவதில்தான். பெட்டியில் வந்த சார்ஜர் 10 வாட் மட்டுமே. பேட்டரியின் கொள்ளளவு ஏறக்குறைய 27 வாட் மணி என்பதால் மூன்று மணி நேரத்துக்குள் முடியும் என்று கணக்குச் சொல்கிறது; ஆனால் கடைசிப் பகுதி மெதுவாகவே ஏறும் என்பதாலும், ஏறும்போதே பிள்ளை அதை நோண்டிக்கொண்டிருப்பதாலும், நான்கு மணி நேரமும் சரியாகப் போய்விடுகிறது. தெருவில் ‘மீ லாபீ’ (பர்மிய மொழியில் ‘மின்சாரம் வந்துவிட்டது’) என்று கூச்சல் கேட்ட மறுநிமிடமே செருகாவிட்டால் அன்றைக்கு முழுதாக நிறையாது.

பவர்பேங்க் இருக்கிறதே என்று நினைத்து, இரு முனையும் யுஎஸ்பி-சி வகையான கம்பியைச் செருகினேன். சார்ஜ் ஏறுகிற குறியே வரவில்லை. பழுதான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கோபத்தோடு கடைக்குப் போனால், அங்கிருந்த பையன் ஒன்றும் பேசாமல், ஒரு முனை பழைய அகலமான யுஎஸ்பி வகையாக உள்ள கம்பியை எடுத்துச் செருகினான். உடனே ஏறத் தொடங்கியது. காரணத்தைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். எதிர்முனையில் மின்சாரம் வாங்கும் கருவி ஒன்று இருக்கிறது என்று சார்ஜருக்கு அடையாளம் காட்ட, சி வகைத் துளையில் 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டு இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் இருமுனை சி கம்பி வழியாகச் சார்ஜர் மின்சாரத்தை விடவே விடாது. மிகச் சொற்ப விலையுள்ள அந்தப் பொருளில் கூடவா மிச்சம் பிடிப்பார்கள் என்று இன்னும் எனக்கு ஆறவில்லை.

திரை 1280×800. பத்து அங்குலத்துக்கு மேற்பட்ட பரப்பில் இதைப் பரப்பினால் அங்குலத்துக்கு 149 புள்ளிகள்தான் தேறும். படம் பார்க்கிறவர்களுக்கு இது ஒரு குறையாகவே தோன்றாது. தமிழ் படிக்கிறவர்களுக்குத் தோன்றும். அச்சு நூலை ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்பில், மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளி சாம்பல் நிறத்தில் கரைந்துவிடுகிறது. அண்ணன் மகள் ‘கல்வி’யைக் ‘கலவி’ என்று உரக்கப் படித்தபோது, சிரிப்பதா திருத்துவதா என்று தெரியாமல் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எழுத்தைப் பெரிதாக்க முடிகிற நூல்களில் இந்தத் தொல்லை இல்லை. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழந்தமிழ் நூல்களை இணையம் இருக்கும்போது இறக்கி வைத்துக்கொண்டு, மின்விசிறியும் ஓடாத மாலைகளில் படிப்பதற்கு இந்தத் திரை போதும். ஸ்கேன் கோப்புகளே அதிகம் படிக்கிறவர்கள், கூடுதல் பணம் கொடுத்தாவது 1920×1200 திரையுள்ளதைப் பார்ப்பது நல்லது.

எழுதுவதில் குறை சொல்ல எதுவுமில்லை. கூகுள் விசைப்பலகையில் விரலால் ‘ழ’ என்று கிறுக்கினாலும் புரிந்துகொள்கிறது. மியன்மா 2019 அக்டோபர் 1 அன்று உலகப் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு அதிகாரபூர்வமாக மாறுவதற்கு முன், அதோடு ஒத்துப்போகாத ஜோஜி என்னும் பர்மிய எழுத்துருவைத் தனியாகப் போட்டுத் தருமாறு கடைக்காரரைக் கேட்க வேண்டியிருந்தது நினைவிருக்கும். இதிலோ எதையும் ஏற்றாமலே ஒரே செய்தியில் பர்மிய எழுத்தும் தமிழ் எழுத்தும் ஒழுங்காக விழுகின்றன.

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ‘8 ஜிபி ரேம்’ என்று போட்டிருக்கிறது. உண்மையான ரேம் 3 ஜிபி. மீதி ஐந்தும் சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியது. சேமிப்பகமோ வேகம் குறைந்த இஎம்எம்சி வகை என்பதால், அந்தக் கடனால் வேகம் ஒன்றும் கூடவில்லை. வகுப்புக் காணொளியிலிருந்து நூலுக்கும், நூலிலிருந்து மறுபடி காணொளிக்கும் மாறினால், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தே திறக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று பழகிக்கொண்டால் பொறுத்துக்கொள்ளலாம். கேமரா வீட்டுப்பாடத்தைப் படமெடுத்து அனுப்பும் அளவுக்கு இருக்கிறது. படங்களின் நகலெடுப்பைத் தடுக்கும் வைட்வைன் பாதுகாப்பில் கடைநிலையான மூன்றாம் நிலை மட்டுமே இருப்பதால், கட்டணம் செலுத்திப் பார்க்கும் படங்கள் மங்கலாகத்தான் தெரியும்.

விலையை வைத்துப் பார்க்கையில் நான் எதிர்பாராத வசதி, 4ஜி சிம் போடும் இடம். மின்சாரம் போனதும் வீட்டு வைஃபை பெட்டியும் சேர்ந்து படுத்துவிடுகிற ஊரில், வைஃபை மட்டும் உள்ள டேப்லெட்டால் வகுப்பைப் பாதியில் விட நேரும். சிம் உள்ளதற்கு விலை சற்றுக் கூடினாலும் இந்த ஒன்றில் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

கடையில் கொடுத்த உத்தரவாதம் ஒரே வாரம். ஆகவே சோதிக்க வேண்டியதை அங்கேயே சோதித்துவிட வேண்டும். இன்னொன்று வாங்க நேர்ந்தால், இருமுனை சி கம்பியையும் பவர்பேங்கையும் பையில் போட்டுக்கொண்டு போய், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்பே செருகிப் பார்ப்பேன். இப்போதைக்கு, பழைய வகைக் கம்பி ஒன்றை நூலால் இதன் உறையோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன்.