மருந்து தரும் தானியங்கி அலமாரி: வாங்குகிறவர் ஒருவர், மாட்டுகிறவர் வேறொருவர்

வார்டில் ஏடிஎம் மாதிரி நிற்கிறதே, அந்த மருந்து அலமாரியைப் பற்றித்தான் எழுதுகிறேன், ஐசியூவில் டியூட்டிக்குப் போனால் அதில் கைவைக்காமல் ஒரு வேலையும் ஓடாத நர்ஸாக. கம்பெனி பெயர் வேண்டாம், நான் பார்த்தவரை எல்லாம் ஏறத்தாழ ஒரே மாதிரிதான். விரல் வைத்தால் திரை திறக்கும். நோயாளி பெயரைத் தொட்டால் ஃபார்மசி சரிபார்த்த மருந்துகள் வரிசையாக வரும், வேண்டியதைத் தொட்டால் அதற்கான இழுப்பறை திறக்கும். யார், எதை, எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்பது தானாகப் பதிவாகிவிடும்.

நல்லதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. நடு ராத்திரியில் ஒரு ஊசிக்காக ஃபார்மசிக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்கும் பாடு போயிற்று. மார்ஃபின், ஃபென்டனில் போன்ற, பூட்டிவைத்துக் கணக்குக் காட்ட வேண்டிய வலி மருந்துகளுக்குச் சாவிக்கொத்தைத் தேடி அலைவதும், கணக்கு உதைத்தால் வீட்டுக்குப் போக முடியாமல் நிற்பதும் நன்றாகவே குறைந்துவிட்டன.

குறை என்றால் எனக்கு முக்கியமாக ஒன்றுதான், ஆனால் அது ஆளைக் கொன்ற குறை: ஓவர்ரைடு. அதைப் போட்டால் ஃபார்மசி சரிபார்க்காத மருந்தையும், அந்த நோயாளிக்கு எழுதவே எழுதாத மருந்தையும் எடுக்கலாம். உயிர் போகிற அவசரத்தில் இது இல்லாமல் முடியாது, ஒத்துக்கொள்கிறேன். அவசரம் இல்லாத நேரத்திலும் அதே சுலபத்தில் திறக்கிறதே, அதுதான் பிரச்சினை.

அமெரிக்காவில் நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் மருத்துவமனையில், 2017 டிசம்பர் 26 அன்று நடந்தது தெரியாதவர்களுக்காக. மூளை ரத்தக்கசிவுக்காகச் சேர்ந்து, தேறிவந்துகொண்டிருந்த 75 வயது அம்மா ஒருவருக்கு பெட் (PET) ஸ்கேன் எடுக்க வேண்டும். மூடிய இடம் என்றால் அவருக்குப் பயம், அதனால் பதற்றம் தணிய வெர்செட் எழுதியிருந்தார்கள், அதாவது நமக்கெல்லாம் தெரிந்த மிடசோலம். நர்ஸ் ரடோண்டா வாட் அலமாரியில் வி, ஈ என்று பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினார். மெஷினோ அதை மிடசோலம் என்ற பெயரில் வைத்திருந்தது, வரவில்லை. ஓவர்ரைடு போட்டு மறுபடி அதே இரண்டு எழுத்து. இந்த முறை வந்தது வெக்குரோனியம். வென்டிலேட்டரில் இருக்கிறவருக்குப் போடும் தசைமுடக்கி. தூக்கம் தராது, நினைவு இருக்கும்போதே மூச்சை நிறுத்திவிடும். மறுநாள் அந்த அம்மா இறந்துபோனார்.

வாட் மேல் தப்பில்லை என்று நான் சொல்ல வரவில்லை. வெர்செட் திரவமாகவே வரும், வெக்குரோனியம் பொடி, கரைத்துத்தான் ஏற்ற வேண்டும். தசைமுடக்கி என்று குப்பியின் மூடியிலேயே எச்சரிக்கை இருந்தது. ஊசி போட்டபின் பக்கத்தில் நின்று கவனிக்கவும் இல்லை. இதற்கு எந்த நர்ஸாலும் சமாதானம் சொல்ல முடியாது. ஆனால் தவறு தெரிந்ததும் மறைக்காமல் சொன்னவரும் அவர்தான். அந்த நாட்களில் புது கம்ப்யூட்டர் ரெக்கார்டு வந்து ஃபார்மசிக்கும் அலமாரிக்கும் ஒத்துப்போகாமல், சாதாரண மருந்துக்கே ஓவர்ரைடு போட்டுத்தான் வேலை நடந்தது என்றார். ஸ்கேன் பகுதியில் மருந்தைச் சரிபார்க்கும் பார்கோடு ஸ்கேனரும் இல்லை.

அப்புறம் என்ன ஆனது? வாட்டுக்கு வேலை போயிற்று, 2021ல் லைசென்ஸ் போயிற்று, 2022 மார்ச்சில் ஜூரி குற்றவாளி என்றது, மே மாதம் 3 வருட நன்னடத்தைக் கண்காணிப்பு. மருத்துவமனை? வெக்குரோனியம் என்ற பேச்சே எடுக்காமல், மரணத்தை இயற்கையானது போல மரணங்களை விசாரிக்கும் மாவட்ட மருத்துவ அதிகாரியிடம் தெரிவித்தார்கள். மாநில அரசுக்கும் சொல்லவில்லை. குடும்பத்தோடு, வெளியே பேசக் கூடாது என்று சமரசம். 2018ல் பெயர் சொல்லாத யாரோ தகவல் கொடுத்து மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டு அதிகாரிகள் சோதனைக்கு வந்த பிறகே விஷயம் வெளியே வந்தது. திருத்தத் திட்டம் ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள், அதோடு சரி. கிரிமினல் வழக்கு அந்த ஒரு நர்ஸ் மேல் மட்டும்தான்.

மெஷின் மேல் எனக்குக் கோபம் வருவது இங்கேதான். நர்ஸ் எதை எப்போது அழுத்தினாள் என்பதை அது கோர்ட்டு வரை வந்து சாட்சி சொல்லும். இரண்டே எழுத்துக்குத் தசைமுடக்கியைக் காட்டலாம் என்று முடிவு செய்தது யார், எந்த மீட்டிங்கில், அது எந்தப் பிரிண்ட் அவுட்டில் வரும்?

அலமாரியில் மருந்தை அடைக்கிறவர் தவறினாலும் இதே கதிதான். 2006ல் இண்டியானாபொலிஸ் மெதடிஸ்ட் மருத்துவமனையில், பச்சைக்குழந்தைகள் வார்டு அலமாரியில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபரின் 10 யூனிட் இருக்க வேண்டிய இடத்தில் 10,000 யூனிட் குப்பிகளை வைத்துவிட்டார்கள், இரண்டுக்கும் நீல லேபிள். குறைமாதக் குழந்தைகள் 3 பேர் இறந்தார்கள். அங்கே நிர்வாகம் இதை ஒரு தனி ஆளின் தப்பு என்று தள்ளிவிடாமல் தன் பொறுப்பு என்றது. அப்படியும் செய்ய முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது 5 எழுத்து தட்டினால்தான் தேடும் வசதி வந்திருக்கிறது. ஆனால் ஒரு பெரிய கம்பெனி 2020ல் அதைச் சேர்த்தபோதுகூட, வேண்டும் என்கிற மருத்துவமனை தானே ஆன் செய்துகொள்ளட்டும் என்றுதான் கொடுத்தது! திரையில் வரும் எச்சரிக்கைப் பெட்டிகளோ இன்னும் மோசம். பாராசிட்டமாலுக்கும் தசைமுடக்கிக்கும் ஒரே நிறத்தில், ஒரே அளவில் வந்தால், நைட் டியூட்டியில் யார் நின்று படிப்பார்கள்? கை தானாக ஓகே தட்டிவிடும்.

சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2024ல் கென்டக்கி மாநிலம், படு அலட்சியம், வேண்டுமென்றே செய்தது போன்றவை தவிர, மருத்துவப் பணியாளரின் பிழைக்குக் கிரிமினல் வழக்கு இல்லை என்று சட்டம் போட்டது. மற்ற ஊர்களில் அதை நம்பி இருக்க முடியாது.

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் தங்கைகள் ஓரியண்டேஷனிலேயே கேட்டுவிடுங்கள்: தேடலுக்கு எத்தனை எழுத்து, தசைமுடக்கிகள் மூடி போட்ட தனிப் பெட்டியில் இருக்கின்றனவா, ஓவர்ரைடு பட்டியலை ஃபார்மசி எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கிறது, ஸ்கேன் அறையில் பார்கோடு உண்டா. முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மார்க்: இதெல்லாம் சரியாக இருந்தால் 5க்கு 4. இல்லை என்றால் 1, அதுவும் கணக்கு எழுதும் வேலை மிச்சமாவதற்காக.