ஆறு வருடம், மூன்று கூலிங் கிளாஸ்: காக்பிட்டில் எது நிலைத்தது

ஆறு வருடமாக விமானம் ஓட்டுகிறேன். முதல் இரண்டு கூலிங் கிளாஸையும் கடைக் கண்ணாடியில் முகம் பார்த்து வாங்கினேன். மூன்றாவதை வாங்கப் போனபோது ஹெட்செட்டைக் கையோடு எடுத்துப் போனேன். இன்றைக்கும் கண்ணில் இருப்பது அதுதான்.

முதலாவது போலரைஸ்டு, அதாவது ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் லென்ஸ். தரையில் அருமையாக இருந்தது. தண்ணீரின் பளபளப்பும் சாலையின் பளபளப்பும் காணாமல் போயின. காக்பிட்டில் உட்கார்ந்து ரேடியோ எண்களைப் பார்க்கத் தலையைச் சாய்த்தேன், திரை கறுத்துவிட்டது. எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே ஒரே திசையில் அதிர்வது. லென்ஸின் வடிகட்டி அதற்குக் குறுக்கே நின்றால் ஒன்றும் தெரியாது. விண்ட்ஷீல்டிலும் திட்டுத் திட்டாக வானவில் நிறங்கள் தெரிந்தன. இதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. தூரத்தில் வரும் இன்னொரு விமானத்தை வெயிலில் அது மினுக்குவதை வைத்துத்தான் பல நேரம் கண்டுபிடிக்கிறோம். அந்த மினுக்கலையே போலரைஸ்டு லென்ஸ் அடக்கிவிடக்கூடும். அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏவும் விமானிகளுக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை.

சரி, போலரைஸ்டு வேண்டாம், நல்ல கறுப்பாக வாங்குவோம் என்று இரண்டாவதை எடுத்தேன். மேகத்துக்கு மேலே சுகம். கீழே இறங்கி மேகத்துக்குள் நுழைந்ததும் மீட்டர்களும் மடியில் இருந்த சார்ட்டும் மங்கிவிட்டன. கழற்றினேன், மாட்டினேன், மறுபடி கழற்றினேன். தரையிறங்கத் தயாராகும் நேரத்தில் ஒரு கை கண்ணாடியிலேயே இருந்தது. வெளியே வெயில், உள்ளே நிழல், இரண்டையும் ஒரே லென்ஸ் வழியாகப் பார்க்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

எஃப்ஏஏ சொல்லும் அளவு, வெளிச்சத்தில் 70 முதல் 85 சதவீதம் தடுக்கும் லென்ஸ். அதாவது 15 முதல் 30 சதவீதம் உள்ளே வர வேண்டும். கண்ணாடியில் போட்டிருக்கும் வகை எண்ணைப் பாருங்கள்: மூன்றாம் வகை 8 முதல் 18 சதவீதம்வரை விடும், நான்காம் வகை 3 முதல் 8 சதவீதம்தான். என்னுடையது 20 சதவீதம் விடும் சாம்பல் நிற லென்ஸ், இரண்டாம் வகை. சாம்பல் நிறம் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாகக் குறைப்பதால், சரியான உயரத்தில் இறங்குகிறோமா என்று காட்டும் ஓடுபாதை ஓரத்து பாப்பி விளக்குகளில் எது சிவப்பு, எது வெள்ளை என்பதில் குழப்பமே வந்ததில்லை. மஞ்சள், ஆரஞ்சு லென்ஸ்களை நான் தொடுவதில்லை.

வெயிலுக்குத் தானாகக் கறுக்கும் ஃபோட்டோகுரோமிக்கை என்னோடு பறக்கும் ஒருவர் வைத்திருந்தார். அது கறுக்கப் புற ஊதாக் கதிர் வேண்டும். அதில் பெரும்பகுதியை விண்ட்ஷீல்டே வடிகட்டிவிடுவதால் அவருடையது அரைகுறையாகத்தான் கறுத்தது.

லென்ஸைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், காதுக் கம்பியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் இரண்டாவது கண்ணாடியின் கம்பி தடிமனான பிளாஸ்டிக். ஹெட்செட் மெத்தை அதன் மேல் ஏறி நிற்க, அந்த இடைவெளி வழியாக எஞ்சின் இரைச்சல் உள்ளே வந்தது. இரண்டு மணி நேரம் பறந்தால் பொட்டில் வலி தெறிக்கும். இப்போதுள்ளதில் மெல்லிய, நேரான உலோகக் கம்பி. காதைச் சுற்றி வளையாது. 1958இல் அமெரிக்க விமானப்படைக்கு வந்த எஃப்ஜி-58 கண்ணாடியிலேயே இதே அமைப்பு உண்டு, ஹெல்மெட்டுக்குள் சொருகிக்கொள்ள வசதியாக. ஹெட்செட்டை மாட்டி, தலையை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

மேலே கறுப்பு, கீழே வெளிர் என்று வரும் லென்ஸை மீட்டர் பார்க்க நல்லது என்பார்கள். நான் எடுக்கவில்லை. மேகத்துக்கு மேலே பறக்கும்போது கண் கூசுவது கீழிருந்துதான், வெள்ளை மேகப் பரப்பிலிருந்து. அதனால் கன்னம்வரை இறங்கும் பெரிய லென்ஸ்தான் எனக்குக் கைகொடுத்தது. அப்புறம், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்பதைக் காட்டும் யுவி 400 குறி இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். எஃப்ஏஏ கணக்குப்படி, ஒவ்வொரு 1,000 அடிக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 5 சதவீதம் கூடுகிறது. அதைத் தடுக்காத வெறும் கறுப்பு லென்ஸுக்குப் பின்னால் கண்மணி விரிந்து இன்னும் அதிகமாகத்தான் உள்ளே விடும்.

நாலு வருட உழைப்பில் மூக்குத் தாங்கியை ஒருமுறை மாற்றினேன். பாலிகார்பனேட் லென்ஸ் என்பதால் எடை தெரியவில்லை, கீழே விழுந்தும் உடையவில்லை. ஆனால் சீக்கிரம் கீறல் விழும். சட்டை நுனியால் துடைத்த நாட்களின் கோடுகள் இடது லென்ஸில் இன்னும் இருக்கின்றன. இப்போது தண்ணீரில் கழுவிய பிறகே துணி படுகிறது.

இதிலும் தீராத ஒன்று, மாலையில் மேற்கு பார்த்துத் தரையிறங்குவது. சூரியன் ஓடுபாதையின் தலைமேல் உட்கார்ந்திருக்கும்போது எந்த லென்ஸும் தனியாகப் போதாது, காக்பிட்டின் வெயில் மறைப்பையும் இறக்கிக்கொள்கிறேன். சூரியன் மறைந்த உடனே கழற்றிவிடுவேன். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக அரை மணி நேரம் வேண்டும். என் லென்ஸில் பவரும் இருப்பதால், அப்போது மாட்டிக்கொள்ள வெள்ளைக் கண்ணாடி ஒன்று பையின் மேல் அறையில், கை எட்டும் இடத்தில் இருக்கும்.