மூன்று குளிர்காலங்களும் ஒரு பாம்புச் சட்டையும்

என் வீட்டில் இருப்பது பந்து மலைப்பாம்பு. ஆங்கிலப் பெயரை அப்படியே 'பால் பைத்தான்' என்று சொல்லப்போய், "தினமும் பால் வைக்கிறாயா?" என்று அம்மா தொலைபேசியில் கேட்டார். பயந்தால் தலையை உள்ளே மறைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும்; அதனால் வந்த பெயர். கானா, டோகோ, பெனின் பக்கத்து உயிர். அங்கே பகலெல்லாம் எலி வளையிலும் கறையான் புற்றிலும் கிடக்கும். அந்தப் புற்றின் புழுக்கத்தை டொராண்டோவின் ஜனவரியில் ஒரு பெட்டிக்குள் வரவழைக்க நான் பட்ட பாடு இது.

முதல் வருடம் கண்ணாடித் தொட்டி, கம்பிவலை மூடி, வெப்ப விளக்கு. கூடவே வந்த முள் வைத்த ஈரப்பதமானி எந்நேரமும் 60 சதவீதம் காட்டியது, நம்பினேன். டிசம்பரில் பாம்பின் கண்கள் நீலம் பாரித்து மங்கின. ஒரு வாரத்தில் சட்டை உரித்தது. முழு உறையாகக் கழல வேண்டியது, வெங்காயச் சருகுபோலத் துண்டு துண்டாக உதிர்ந்தது. வால் நுனியில் ஒரு வளையம் இறுகி நின்றது. ஒரு கண்ணின் மேல்தோலும் போகவில்லை. அதை நகத்தால் பெயர்க்கவே கூடாது, கண்ணே கெட்டுவிடும். ஈரத்துண்டு விரித்த டப்பாவில் வைத்தெடுத்ததில் வால் வளையம் வந்தது. கண் தோல் அடுத்த சட்டையோடுதான் போனது.

அப்புறம்தான் மானியைச் சோதிக்கத் தோன்றியது. பாட்டில் மூடியில் சமையல் உப்பு, கூழாகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர். மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் இரவு முழுக்க வைத்தால் 75 காட்ட வேண்டும். நம்முடையது அசையாமல் 60-இலேயே நின்றது! டிஜிட்டல் மானி வாங்கி வைத்தேன். தொட்டிக்குள் 31.

பதறிப்போய் நாளுக்கு மூன்று முறை தண்ணீர் தெளித்தேன். 80-க்கு ஏறும், ஒரு மணி நேரத்தில் 40-க்கு இறங்கும். ஹீட்டர் ஓடும் வீட்டின் வறண்ட காற்று வலை வழியாக ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. மிச்சமானது சொதசொதத்த தரை மட்டும். அதில் கிடந்து பாம்பின் வயிற்றுச் செதில்கள் சிவக்கத் தொடங்கின. காற்று ஈரமாக இருக்க வேண்டும், படுக்கை உலர்ந்திருக்க வேண்டும். இது எனக்கு உறைக்க ஒரு குளிர்காலம் போயிற்று.

விளக்கின் அடியை மட்டும் விட்டுவிட்டு வலையின் முக்கால் பாகத்தை அலுமினிய நாடாவால் அடைத்தேன். நான்கு அங்குல உயரத்துக்குத் தேங்காய் மட்டைத் துண்டுகள். தெளிப்பதை நிறுத்தி, வாரம் ஒருமுறை மூலைகளில் தண்ணீர் ஊற்றினேன். அடி நனைந்து, மேல் உலர்ந்து இருந்தது. 60-க்குக் கீழே இறங்குவது அபூர்வமாயிற்று. செலவும் சொற்பம்.

இரண்டாம் வருடம் பிவிசி பெட்டிக்கு மாறினேன். 70 தானாகவே நிற்கிறது. குறை இல்லாமல் இல்லை: காலையில் முன்கண்ணாடி பனி பூத்து எதுவும் தெரியாது, ஒருமுறை பூஞ்சணம் பிடித்தது, அதைத் தின்னும் கடுகளவு வெள்ளைப் பூச்சிகளை வாங்கி விட்டேன். இரண்டு பக்கமும் மானி வையுங்கள். விளக்குப் பக்கம் 55, குளிர்ந்த பக்கம் 75 என்று காட்டினால் கோளாறு இல்லை. அதே ஈரம்தான், சூடான காற்றில் சதவீதம் குறைந்து தெரியும்.

போன மாதச் சட்டை ஒரே உறையாக, காலுறையைக் கழற்றியதுபோல உட்புறம் வெளியாக வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்: இரண்டு கண்களின் மேல்தோலும் அதில் இருந்தன.